கேமரன் மலையில் ஒட்டுத்தலை வண்டு

தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் எனக்கு முன்னால் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். ஐந்தாவது ஆளாக நான் எடுத்திருக்க வேண்டும். மடியில் வண்டு இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

வண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எங்கள் கரிசல்காட்டுக் கல்லூரியில் நான் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். எழுபத்தெட்டாம் வருஷம். தற்காலிக வேலை. ஆறு வருஷமாகத் தற்காலிகம். எங்கள் துறைத்தலைவர் டாக்டர் தணிகாசலம் பொங்கலுக்கு மரியாதை செய்யத் தாளாளர் வெள்ளைச்சாமி வீட்டுக்குப் போனவர், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கரும்பைக் கீழே போட்டாராம். சட்டத்துக்குள் பஞ்சின்மேல் ஒரு வண்டு. பச்சைத் தகடு போல மின்னும் உடம்பு. தலையிலிருந்து இரண்டு நீளக் கொம்புத் தாடைகள். மலேயாவில் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருக்கும் உறவுக்காரப் பையன் அனுப்பிய அன்பளிப்பு என்றார் தாளாளர்.

உடம்பு ஒரு குடும்பத்துக்கு உரியது. தலை இன்னொரு குடும்பத்துக்கு உரியது. வண்டுகளில் இரண்டு பெரிய குடும்பங்களுக்கு நடுவே விடுபட்ட கண்ணி இதுதான் என்று துறைத்தலைவர் முடிவு கட்டினார். மூன்று மாதம் லென்ஸோடு உட்கார்ந்து, உணர்கொம்பில் எத்தனை கணு, முதுகுத் தகட்டில் எத்தனை புள்ளி, தாடையின் உள்விளிம்பில் எத்தனை பல் என்று பதினொரு பக்கம் விவரித்தார். புது இனம். பெயர், வேறு யார் பெயர், தாளாளர் பெயர்தான். லத்தீன் விதிப்படி ஆளின் பெயருக்குப் பின்னால் ஒரு 'ஐ' சேர்க்க வேண்டும். வெள்ளைச்சாமி-ஐ. தாளாளரை இரண்டாம் வேற்றுமையில் நிறுத்தி வைத்தது போல இருந்தது. அவருக்கோ பரம சந்தோஷம். புது ஆய்வுக்கூடமே கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஆசிரியர் மட்டும் சந்தோஷப்படவில்லை. 'ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு சொல்கிறீர்கள். இன்னொன்று இருந்தால் நல்லது' என்று எழுதியிருந்தார். அந்த இன்னொன்றைப் பிடித்துவரத்தான் தாளாளர் செலவில் நான் புறப்பட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க மூல வண்டையும் கொடுத்தனுப்பினார்கள், பெண்ணின் ஜாதகத்தைக் கொடுத்து மாப்பிள்ளை பார்க்க அனுப்புவது மாதிரி. "இன்னொன்று கிடைத்தால் உன் வேலை நிரந்தரம்" என்றார் துறைத்தலைவர். கிடைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தானா ராத்தாவில் இறங்கியதும் பல் கிட்டிக்கொண்டது. மலேயா என்றால் வெக்கை என்று எல்லோரும் சொல்லியிருந்ததால் நான்கு மல் சட்டைகளோடு வந்திருந்தேன். எங்கள் ஊரில் மார்கழி மாதத்திலும் மின்விசிறி ஓடும். எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. உள்ளே போய் அடுப்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். கடைக்காரர் மாவை வீசி வீசித் துணிபோல ஆக்கி, மடித்து, கல்லில் போட்டு, பருப்புக் குழம்போடு தந்தார். நம் ஊர்ப் புரோட்டாவுக்குப் படித்த தம்பி. நான்கு சாப்பிட்டேன். பஸ்ஸில் அடக்கியதற்கான பலன்.

"ஊரு எது?"

சொன்னேன். என்ன வேலையாக வந்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் வீசிக்கொண்டிருந்த மாவை நிறுத்திவிட்டார். "பூச்சி எடுக்கவா கப்பல் ஏறி வந்தீங்க? எங்க கடை தேத்தண்ணியிலயே விழுது லா. நான் அதுக்குக் காசு வாங்குறதில்ல."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு சீனக் கிழவர் என்ன என்று விசாரித்து, மலாயில் விளக்கம் கேட்டு, தாமதமாக ஆனால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

சாயங்காலம் கிராணி மாணிக்கம் தோட்டத்து லேண்ட்ரோவரில் வந்து ஏற்றிக்கொண்டார். முப்பது வயது, தடித்த கண்ணாடி, கழுத்தில் மப்ளர். வண்டு அனுப்பிய உறவுக்காரர் இவர்தான். தன் அன்பளிப்பு இத்தனை தூரம் போய்விட்டதில் அவருக்குப் பெருமையும் கலவரமும் சமமாக இருந்தன.

"பெரியப்பா அதை இன்னும் சுவத்துலதான் மாட்டியிருப்பாருன்னு நெனச்சேன் சார். புஸ்தகத்துல எல்லாம் போடப் போறாங்களா?"

"உலகம் பூரா."

அவர் மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலை, பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நின்று பேர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் தேயிலைத் தொழிற்சாலைச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் சுவர் முழுக்க அப்பியிருந்தன. மூன்று கொம்பு வண்டு, இலை போன்ற வெட்டுக்கிளி, கை அகல அந்துப்பூச்சி. எங்கள் கல்லூரி மியூசியத்தில் மொத்தமே நாற்பது பூச்சிகள், அதில் பாதியை எறும்பு தின்றுவிட்டது. இங்கே ஒரு சுவரிலேயே ஒரு மியூசியம். ஆனால் பச்சை உடம்பும் கொம்புத் தாடையும் சேர்ந்தாற்போல் ஒன்றுகூட இல்லை. பச்சை உடம்பு இருந்தது; அதற்குச் சின்னத் தலை. கொம்புத் தாடை இருந்தது. அதற்குக் கறுப்பு உடம்பு. அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஆசைப்படுகிறவனுக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

வண்டைக் கடையில் வாங்கியதாக மாணிக்கம் சொன்னார். அங்கேயே கேட்டுவிடலாம் என்று அடுத்த நாள் அவரை இழுத்துக்கொண்டு கியா பார்மை நோக்கிப் புறப்பட்டேன். முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்றில் இடம் கிடைத்தது. பிரிஞ்சாங் தாண்டி ஒரு வளைவில், மழைக்குச் சரிந்து கிடந்த மண்ணில் பின்சக்கரம் புதைந்தது. பாரத்தைக் குறைத்தால்தான் வண்டி ஏறும் என்று ஓட்டுநர் சொன்னார். நானும் மாணிக்கமும் நடுரோட்டில் நின்று முட்டைக்கோஸ் இறக்கினோம். இருநூறாவது கோஸில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். லோரி ஏறியது. பிறகு அத்தனையையும் திரும்ப ஏற்றினோம். ஓட்டுநர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"உங்களுக்குப் பழக்கமில்லன்னு சொல்றாரு சார்."

"அவ்வளவு நீளமாவா சொன்னார்?"

"மிச்சத்தை விடுங்க சார்."

கடையில் சுவர் தெரியவில்லை, சட்டங்கள்தான் தெரிந்தன. ஸ்ட்ராபெரி கூடைகளுக்குப் பின்னால் பட்டாம்பூச்சிகளும் தேள்களும் வண்டுகளும் வரிசை வரிசையாக. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு பட்டாம்பூச்சிக்கு அந்துப்பூச்சியின் கொழுத்த வயிறு. ஒரு வெட்டுக்கிளிக்கு ஏழு கால். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

கடை முதலாளியான தவ்கேயிடம் பெட்டியைத் திறந்து காட்டினேன். இது எந்தக் காட்டில் கிடைக்கும் என்று கேட்கச் சொன்னேன். மாணிக்கம் மலாயில் கேட்டார். தவ்கே எட்டிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகப் பதில் சொன்னார். மாணிக்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"எத்தனை வேணும்னு கேக்குறாரு."

"நல்லது. அப்புறம்?"

"என்ன நெறத்துல வேணும்னு கேக்குறாரு சார்."

தவ்கேக்கு சரக்கு கொடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் பிரிஞ்சாங்கில். இன்னொருத்தி மாணிக்கத்தின் தோட்டத்திலேயே, கீழ் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் லெட்சுமி. கொழுந்து பறிக்கிறவள். திரும்பும் வழியில் மாணிக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார். போலி சாமான் குடுத்தேன்னு நெனப்பாரு."

லெட்சுமிக்கு என் வயசுதான் இருக்கும். நான் போனபோது கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, முழங்காலில் மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள். அட்டைக் கடிக்காம். வாசலில் நின்று வந்த விஷயத்தைச் சொன்னேன். பெட்டியை வாங்கி, வண்டைத் திருப்பி, கழுத்துக்குக் கீழே ஊதிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க. சுடுதண்ணி வச்சுப் பாப்போம்."

"தண்ணியா? அய்யய்யோ, இது உலகத்துலயே ஒண்ணுதான்."

"அதான் பாப்போம்ங்கிறேன்."

என் அனுமதிக்கு அவள் காத்திருக்கவில்லை. டம்ளரில் வெந்நீர் ஊற்றி வண்டை உள்ளே விட்டாள். நானும் மாணிக்கமும் அவளும் டம்ளரைச் சுற்றிக் குனிந்து நின்றோம். டாக்டர் தணிகாசலத்தின் பதினொரு பக்கமும் தாளாளரின் பெயரும் என் ஆறு வருஷமும் அந்த டம்ளரில் மிதந்தன. ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தலை மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்து, உடம்பை விட்டுப் பிரிந்து, அடியில் போய் உட்கார்ந்தது.

லெட்சுமி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என் வேல இல்ல சார்," என்றாள் லெட்சுமி. குரலில் உண்மையான கோபம். "பிரிஞ்சாங்காரன் வேல. வெறும் கோந்து போட்டிருக்கான். நான் ஒட்டியிருந்தா நீங்க இத கடல்ல தூக்கிப் போட்டாலும் கழண்டிருக்காது."

நான் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்று கேட்டாள். சொன்னேன். வேலை, நிரந்தரம், ஆசிரியர் கடிதம், எல்லாவற்றையும். முன்பின் தெரியாத பெண்ணிடம் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் கேட்டு முடித்துவிட்டு எழுந்தாள். "இதுக்கா? இன்னொண்ணுதானே வேணும்? அரை மணி நேரம் உக்காருங்க."

அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாக்களை இறக்கினாள். ஒன்றில் தலைகள். ஒன்றில் இறக்கை மூடிகள். மற்றவற்றில் கால்கள், இடது தனி, வலது தனி. உடைந்த பூச்சிகளுக்கு உதிரிபாகம். ஒரு பச்சை உடம்பையும் ஒரு கொம்புத் தலையையும் எடுத்து, கழுத்துப் பள்ளத்தைப் பிளேடால் சுரண்டி, பேர் சொல்ல மறுத்த ஒரு பசையை ஊசி முனையில் தொட்டு வைத்து அழுத்தினாள். மேசைமேல் வைத்தாள். நான் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். ஒட்டிய கோடு தெரியவில்லை. கடவுள் செய்த வண்டுகளில்கூட எனக்கு இத்தனை நம்பிக்கை வந்ததில்லை.

எடுத்துப் பெட்டியில் வைத்தேன். ஆம், வைத்தேன். மறைப்பானேன்? மாணிக்கம் முகத்தில் நிம்மதி.

"இத வச்சு என்ன சார் செய்வீங்க?" என்று லெட்சுமி டப்பாக்களை மூடிக்கொண்டே கேட்டாள்.

"புத்தகத்துல போடுவாங்க. இப்படி ஒரு வண்டு இந்த மலையில இருக்குன்னு."

அவள் கை நின்றது. "இருக்குன்னா?"

"இருக்குன்னுதான். படிக்கிறவங்க நம்புவாங்க."

"நாங்க அழகா இருக்குன்னு விக்கிறோம் சார். வாங்குறவங்களும் அழகுக்குத்தான் வாங்குறாங்க. இது காட்டுல ஓடுதுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல." கையை நீட்டினாள். "குடுங்க."

கொடுத்தேன். கட்டை விரல் நகத்தால் தலையை நெம்பினாள். பசை நல்ல பசை. கழுத்துத் தகடு உடைந்துதான் தலை வந்தது. தலையைத் தலை டப்பாவிலும் உடம்பை அடுப்பிலும் போட்டாள். மாணிக்கம் வெளியே போய் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார்.

அவள் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு டப்பாக்களில் ஒரே மாதிரிப் பழுப்பு வண்டுகள். சுண்டு விரல் நகத்தளவு, காய்ந்த வெல்லத்தின் நிறம். யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள். மழைக்காலத்தில் கூடை கூடையாக விளக்கில் விழுபவை. காலுக்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

"ஒரே வண்டுக்கு எதுக்கு ரெண்டு டப்பா?"

"ஒரே வண்டா? நல்லாப் பாருங்க சார். இது ரெண்டு பல்லுக்காரி, அது மூணு பல்லுக்காரி. இத அதுல ஒட்டினா தொடை பள்ளத்துல உக்காராது. நானும் மொதல்ல தெரியாம ஒட்டி ஒரு மாசம் கஷ்டப்பட்டேன்."

லென்ஸை எடுத்தேன். முன்னங்காலின் வெளிவிளிம்பில் மண்ணைத் தோண்டுவதற்கு முள் போன்ற பற்கள். ஒன்றுக்கு இரண்டு. மற்றதற்கு மூன்று. தேய்ந்து போயிருக்கலாம் என்று இன்னொன்றை எடுத்தேன். இரண்டுதான். அறுபது வண்டுகளைப் பார்த்தேன். மூன்று பல் வண்டை எனக்குத் தெரியும். எந்தப் புத்தகத்திலும் உண்டு. இரண்டு பல் வண்டை நான் படித்ததில்லை.

அடுத்த ஐந்து நாளும் மதியத்துக்குமேல் அந்த வீட்டில்தான் இருந்தேன். அவள் கொழுந்து நிறுத்துவிட்டு வருவாள்; நான் வாசலில் வண்டுகளைப் பரப்பியிருப்பேன். நாலாம் நாள் வயிற்று நுனியைப் பிரித்து ஆண்குறியை ஊசியால் வெளியே எடுத்தேன். இனத்தைத் தீர்மானிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

"என்ன சார் பாக்குறீங்க?"

சொன்னேன்.

"அய்யே! அதையுமா பாப்பீங்க?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இரண்டு நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தாள். "வேற மாதிரியா இருக்கு?"

"சுத்தமா வேற."

"நான்தான் சொன்னேன்ல!"

கிளம்புகிற அன்று, இந்த வண்டுக்கு உன் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டேன். பெரிய கௌரவம் கொடுப்பதாக நினைப்பு.

"என் பேரையா? இந்தச் சப்பை வண்டுக்கா? லயத்துல சிரிப்பாங்க சார். வேணும்னா என் மாமியார் பேரு தரேன்."

மாமியார் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். சுவர் மெல்லியது. பேச்சு அதோடு நின்றது.

ஊருக்கு வந்து, மூல வண்டின் தலையை ஒரு பொட்டலமாகவும் உடம்பை ஒரு பொட்டலமாகவும் துறைத்தலைவர் மேசையில் வைத்தேன். தோட்டத்தில் பூச்சி ஒட்டுகிற பெண் ஒருத்தி கழற்றிக் காட்டினாள் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் தணிகாசலம் வெகுநேரம் லென்ஸில் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவருக்கு வயசாகியிருந்தது. அவர்மேல் எனக்கு அதுவரை இல்லாத பரிதாபம் வந்தது. மூன்று மாதம் புள்ளி எண்ணிய மனுஷன்.

"தாளாளரிடம் நீயே சொல்லிவிடு" என்றார். பரிதாபம் போய்விட்டது.

தாளாளர் ஈஸிசேரில் படுத்தபடி முழுக்கக் கேட்டார். மாணிக்கத்தின் பெயரைக் காப்பாற்ற, கடைக்காரர்தான் ஏமாற்றினார் என்று சேர்த்துக்கொண்டேன். கடைசியில் பழுப்பு வண்டை எடுத்து நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"இதுவா?"

"ஆமாங்க ஐயா."

"என்ன தின்னும்?"

"புல் வேர்."

"இதுல யாரும் எதையும் ஒட்டலையே?"

"இல்லைங்க ஐயா. நான் பிரிச்சே பாத்துட்டேன்."

கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "சரி, இதுக்கே என் பேரை வை. உண்மையா இருந்தாப் போதும்."

அவரைப் பற்றி அதுவரை நான் சொன்ன கேலிகளில் பாதியை அன்று வாபஸ் வாங்கினேன். ஆய்வுக்கூடம் கட்டித்தான் கொடுத்தார். சொன்னதில் கால்வாசி அளவில், வண்டு சின்னதாகிவிட்டதல்லவா. என் வேலை நிரந்தரமானது இரண்டு வருஷம் கழித்து, வேறொருவர் ஓய்வு பெற்ற இடத்தில்.

கட்டுரையை நான் எழுதினேன். மரபுப்படி துறைத்தலைவர் பெயர் முதலில் வந்தது. அதற்கு நான் சண்டை போடவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தேன்: முன்னங்கால் பற்களின் வேறுபாட்டை முதலில் கண்டறிந்து சொன்ன மலேசியாவின் எம். லெட்சுமிக்கு நன்றி. இதை அடித்தால் சண்டைதான் என்று முடிவு செய்து எதிரில் நின்றேன்.

அவர் பேனாவோடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அந்த வரிக்கு வந்தார்.

"யார் இது? பெரிய அவதானிப்பாச்சே. எந்த யுனிவர்சிட்டி?"

"கேமரன் மலையில இருக்காங்க சார்."

"ஓ, அங்கே ஒரு ஆய்வு நிலையம் இருக்கோ? நீ சொல்லவே இல்லையே."

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"மரியாதை தெரியாத ஆளய்யா நீ" என்று முணுமுணுத்துக்கொண்டே, அவர் குனிந்து, லெட்சுமியின் பெயருக்கு முன்னால் தன் அழகான கையெழுத்தில் 'டாக்டர்' என்று எழுதிச் சேர்த்தார். அப்படியேதான் அச்சாகியிருக்கிறது.